பந்தல் உயரம்

எங்கள் பள்ளியில் யாரும் செய்ய விரும்பாத வேலைகளெல்லாம் கணக்கு டீச்சருக்குத்தான் வந்து சேரும். கணக்குப் போடத் தெரிந்தவளுக்கு எதையும் சமாளிக்கத் தெரியும் என்று தலைமை ஆசிரியருக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுக்க நானும் எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன். அப்படித்தான் சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடி மாதத்தில், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு ராணுவத்தில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன, யார் எதில் சேரலாம் என்று எடுத்துச் சொல்லும் கூட்டத்தை நடத்துகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ராணுவத்துக்கும் எனக்கும் அதுவரை இருந்த ஒரே உறவு, கம்பம் டவுனில் ஒரு மிலிட்டரி ஓட்டலில் எப்போதாவது சாப்பிடும் மட்டன் சுக்கா. அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேச முடியாது என்பதால் ஆள் தேடினேன். கெங்குவார்பட்டியில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். மகளைச் சின்னமனூரில் கட்டிக்கொடுத்திருந்ததால் எங்கள் பக்கம் அடிக்கடி வந்து போவார். கேட்டதும் ஒத்துக்கொண்டார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து, பூட்டிய வகுப்பறைக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்த பிறகு எங்கள் வாட்ச்மேன்கூட ஒரு வாரம் சட்டை பட்டனைப் போட்டுக்கொண்டு திரிந்தார்.

"பட்டாளம்னா துப்பாக்கி மட்டும்னு நெனைக்காதீக. டிரைவர் வேணும், நர்ஸ் வேணும், வயர்லெஸ் ரிப்பேர் பாக்க ஆள் வேணும், சமையக்காரர் வேணும், கழுதைக்குத் தீனி வைக்கவும் ஆள் வேணும்" என்றார். கழுதை என்றதும் பையன்கள் சிரித்தார்கள். "சிரிங்க, சிரிங்க. அந்த மலையில கழுதை ஏறுற எடத்துக்கு உங்க பைக்கு ஏறாது."

அவர் சொல்லச் சொல்ல நான் கரும்பலகையில் எழுதினேன். பத்தாவது முடித்தால் எது, ப்ளஸ் டூ முடித்தால் எது, நான்கு வருட சேவை என்றால் என்ன, அதிகாரியாகப் போக என்ன பரீட்சை எழுத வேண்டும். விமானப்படையில் சில வேலைகளுக்குக் கணக்குக் கட்டாயம் என்றபோது மட்டும் அடியில் இரண்டு கோடு போட்டேன். பையன்கள் கேட்ட சந்தேகங்கள் நாட்டின் பாதுகாப்பைப் பற்றியவை அல்ல. போன் வைத்துக்கொள்ள விடுவார்களா, தினமும் கறி போடுவார்களா, மீசையை எடுக்கச் சொல்வார்களா. மீசை முளைக்காத ஒருவன்தான் கடைசிச் சந்தேகத்தைக் கேட்டான்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "சார், பொம்பளப் பிள்ளைக எதுல சேரலாம்?"

கை என் மகளுடையது. நான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே அவளும் படித்தாள். பள்ளியில் என்னை டீச்சர் என்றும் வீட்டில் அம்மா என்றும் கூப்பிடுவாள். பொது அறிவுக்காகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சுபேதார் உற்சாகமாகிவிட்டார். நர்சிங் உண்டு, அதிகாரி பரீட்சை உண்டு, கடற்படை உண்டு, ராணுவப் போலீஸில் பெண்களை எடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். "போலீசுக்குத்தான் உயரம் கறாராப் பாப்பாக. நூத்தி அறுபத்திரண்டு சென்டிமீட்டர். மயிரிழை கொறஞ்சாலும் வீட்டுக்குப் போன்னு சொல்லிருவாக." நான் அதையும் எழுதினேன். யார் வீட்டுப் பிள்ளைக்கோ என்று நினைத்து, நல்ல முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது மகள், "நான் ராணுவப் போலீஸ்ல சேரப் போறேன்" என்றாள்.

என் கணவர் திராட்சை விவசாயி. எதற்கும் பதறமாட்டார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "மொதல்ல படுத்து எந்திரிச்ச பாயச் சுருட்டு ஆத்தா. அப்பறம் எல்லைக்குப் போகலாம்" என்றார்.

"வெளையாட்டுக்குச் சொல்லலப்பா."

"நானும் வெளையாட்டுக்குச் சொல்லல. ஆறு மாசமா அந்தப் பாய் அங்கனயேதான் கெடக்கு."

"நெசமாத்தான்ப்பா."

அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

மகள் தாடையால் என் பக்கம் காட்டினாள். "டீச்சர்தான்."

தேனியில் கல்லூரி இருக்கிறது, பஸ் வாசலுக்கே வருகிறது, கணக்குப் படித்து பி.எட். முடித்தால் என்னைப் போல நிம்மதியாக இருக்கலாம் என்று ஆரம்பித்தேன். "நீ நிம்மதியாவா இருக்க?" என்று என் கணவர் இடையில் கேட்டார். அவருக்கு எப்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாது. ஒரே பிள்ளை. எங்கேயோ பனியிலும் வெயிலிலும் முன்பின் தெரியாதவர்களோடு அவள் நிற்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஊரார் பிள்ளைகளுக்கு வழி காட்டியபோது இந்தப் பயம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

செய்தி எப்படியோ என் நாத்தனார் காதுக்கு எட்டிவிட்டது. அவருக்குத் தன் மகனுக்கு எங்கள் பெண்ணைக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. போனில் அழாக்குறையாகக் கேட்டார். "ஏம்மா, நாலு வருசத்துக்குக் கல்யாணமே பண்ணக் கூடாதாமே? உண்மையா?"

"அதுக்குத்தான் அத்தை சேருறேன்" என்று உள் அறையிலிருந்து பதில் போனது.

அடுத்த சனிக்கிழமை ஆர்வம் உள்ள பெண்களுக்கு உயரம் பார்த்துச் சொல்வதாகச் சுபேதார் வந்தார். விளையாட்டு அறை வாசலில், உயரம் பார்க்கும் ஸ்டாண்டைக் கொண்டுவந்து வைத்தோம். செங்குத்தான ஒரு கம்பம், அதில் மேலும் கீழும் நகரும் ஒரு கட்டை, அவ்வளவுதான். கட்டை தலையில் வந்து உட்காருகிற இடம்தான் உயரம். என் கணவரும் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். வீட்டுச் சுவரில் மகளுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து பென்சிலை வைத்துக் கோடு போட்டு, நூற்று அறுபத்து மூன்று என்று அளந்துவிட்டுத்தான் வந்திருந்தார். மகளிடம் பாயைப் பற்றிப் பேசிய மனிதர், என்னிடம் கேட்காமல் சுவரில் கோடு போடும் அளவுக்கு எப்போது மாறினார் என்று எனக்குத் தெரியாது.

மகள் ஏறி நின்றாள். கட்டை இறங்கியது. நூற்று அறுபது.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பழி யார் மேலும் இல்லை, கட்டை சொல்லிவிட்டது, இனி தேனி, கல்லூரி, பஸ். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. ஸ்டாண்டிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு அந்த அப்பாடாவை வைத்துக்கொள்ள எனக்கு இடமில்லாமல் போனது.

"இன்னொருக்க பாருங்க" என்றார் என் கணவர். பார்த்தார்கள். நூற்று அறுபத்தொன்று. மறுபடியும் பார்த்தபோது நூற்று அறுபதரை. ஒரே பிள்ளையை அளந்தால் ஒரே விடைதான் வர வேண்டும். கணக்கு டீச்சருக்கு இது பொறுக்கவில்லை. என் கணவருக்கோ கோபமே வந்துவிட்டது. "ஒங்க கட்டை சரியில்ல சார். என்னைய அளங்க. எம் உயரம் எனக்குத் தெரியும்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

பெண் பார்க்க வந்தபோது அவர் ஐந்தே முக்கால் அடி என்று சொன்னதால்தான் எங்கள் வீட்டில் சம்மதித்தார்கள். கட்டை அதற்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. இத்தனை வருடம் கழித்து உண்மை வெளிவருகிறது என்று நான் நினைத்தேன்.

சுபேதார் மட்டும் எதையோ கவனித்துக்கொண்டிருந்தார். "டீச்சர், நீங்களும் ஏறுங்க" என்றார். ஏறினேன். கட்டையை மேலேயே பிடித்துக்கொண்டு மெல்ல இறக்கினார். தலைக்கு ஒரு சாண் மேலேயே நிறுத்திவிட்டுக் கடகடவென்று சிரித்தார்.

"தொடவே இல்ல டீச்சர். அதுக்குள்ள எதுக்குக் குனியிறீக? குடும்பத்துக்கே இதுதான் வேலையா?"

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு என் கணவர் மெதுவாக, "பந்தலு" என்றார்.

எங்கள் திராட்சைப் பந்தலை முதலில் போட்டவர் என் மாமனார். அவர் குட்டையானவர். கொத்தை எட்டி வெட்டவும் கொடியைக் கவாத்து செய்யவும் தன் கைக்குத் தோதாகக் கல்தூண்களை நட்டு, கம்பி இழுத்துவிட்டார். போகப் போகத் தூணுக்குத் தூண் நடுவில் கம்பி தொய்ந்து, காய் பிடிக்கும் காலத்தில் இன்னும் கீழே இறங்கும். பின்னால் அந்த வீட்டில் பிறந்தவர்களும் வாக்கப்பட்டவர்களும் அவர் உயரத்துக்குக் குனிய வேண்டியதாகிவிட்டது. தலைக்கு மேலே ஏதாவது வருவது தெரிந்தால் போதும், கழுத்து தானாக உள்ளே போய்விடும். பஸ்ஸில் ஏறும்போது குனிவோம். கல்யாண மண்டப வாசலில் குனிவோம். கோயில் கோபுர வாசலில் குனிந்து நுழைவதைப் பார்த்து, பயங்கரப் பக்தி உள்ள குடும்பம் என்று எங்களுக்கு ஊரில் ஒரு பெயர்கூட உண்டு.

"எங்கூர்ல மாந்தோப்பு. அண்ணாந்துதான் பழக்கம்" என்றார் சுபேதார். "அங்கன அளக்குறவுகளுக்கு ஒங்க திராட்சையும் தெரியாது, பந்தலும் தெரியாது. கட்டை எங்க நிக்குதோ அதுதான் உயரம். பிள்ளைக்கு உயரம் இருக்கு. குனியாம நிக்கப் பழக்குங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பயிற்சி முகாம் ஆரம்பமாயிற்று. அதிகாரி என் கணவர். ஆயுதம் சொளகு. அரிசி புடைக்கும் அந்தச் சொளகை எடுத்துக்கொண்டு மகள் படிக்கும்போதும் பல் விளக்கும்போதும் பின்னால் பூனை மாதிரி வந்து தலைக்கு மேலே இறக்குவார். குனிந்தால் ஒரு தட்டு. இரண்டு முறை ஆள் தெரியாமல் எனக்கும் விழுந்தது. குனியக் கூடாது என்று மகளுக்குச் சொல்லிவிட்டு அவர் சமையலறை வாசல் நிலையில் குனிந்து நுழைவார். "அப்பா, குனிஞ்சுட்டீக" என்பாள். "நான் பட்டாளத்துக்குப் போகல" என்பார்.

ஓட்டமும் இருந்தது. ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தை ஏழரை நிமிடத்துக்குள் ஓடினால் நல்லது என்று சுபேதார் சொல்லியிருந்தார். என் கணவருக்குத் தூரம் பிரச்சினை இல்லை, ஏழரைதான் பிரச்சினை. "எட்டுன்னு வச்சிருக்கக் கூடாதா? போயும் போயும் ஏழரையா?" என்று புலம்பிவிட்டு, சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தார்.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"அந்த ஏழரை வேற, இந்த ஏழரை வேற, ரெண்டையும் கொழப்பிக்கிற வேணாம் சாமின்னு வெளக்கமாச் சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றார்.

நான் சிரித்தேனே தவிர, மனது ஒட்டவில்லை. காலையில் வாய்க்கால் ரோட்டில் அவள் ஓடுவதையும், இவர் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் போவதையும் பார்ப்பேன். முடியாமல் போகட்டும் என்று ஒரு நாள் நினைப்பேன். முடியாமல் போனால் அந்தச் செருப்பைத் தேடிய முகத்தை இனி நாளெல்லாம் பார்க்க வேண்டுமே என்று மறுநாள் நினைப்பேன்.

வெட்டுக் காலம் வந்தது. பழத்தை இறக்க ஆள் கிடைக்காமல் எங்கள் ஊர் ஓடைப்பட்டியே திண்டாடுகிற நேரம். வழக்கமாக அந்த நாட்களில் பள்ளி விட்டதும் மகள் பந்தலுக்குள் போய்விடுவாள். கத்தரிக்கோல் அவள் கையில் வேகமாக ஓடும். அந்த வருடம் என் கணவர் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். "நீ பந்தலுக்குள்ள கால் வைக்கக் கூடாது. இம்புட்டு நாள் பட்ட பாடு வீணாப் போயிரும்."

அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவள் தோட்டத்து வரப்பு வரைக்கும் போவாள். பந்தல் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றுவிடுவாள். ஒரு நாள் நானும் கூடப் போனேன். அவர் உள்ளே கழுத்தை மடக்கி, வியர்வையும் தூசியுமாகத் தனியாகக் கொத்து வெட்டிக்கொண்டிருந்தார். இவள் வெளியே வெயிலில் விறைப்பாக நின்றுகொண்டு, "அந்தக் கொத்து பழுக்கலப்பா, விடுங்க" என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். "சரிங்க ஆபீசர்" என்றார் அவர். அவளை அனுப்பிவைப்பது என்று அவர் எப்போதோ முடிவு செய்துவிட்டார் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. புரிந்ததும் அவர் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் பொறாமையாக இருந்தது.

எழுத்துத் தேர்வில் அவள் தேறினாள். ஓட்டத்துக்கும் உயரத்துக்கும் வெளியூருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கிளம்புவதற்கு முந்தைய மாலை, அவர் பழ லோடு ஏற்றப் போயிருந்தார். மகள் முதுகைக் காட்டிக்கொண்டு துணிகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் சொளகு தொங்கியது. அன்று வரை நான் அதை அரிசிக்குத் தவிர எடுத்ததில்லை. எடுத்தேன். பின்னால் போய்ச் சத்தமில்லாமல் அவள் தலைக்கு மேலே இறக்கினேன்.

அவள் அசையவில்லை. சொளகு உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. அப்படியே திரும்பாமல், "அம்மாவா?" என்றாள்.

"எப்படித் தெரிஞ்சது?"

"அப்பா டப்புனு போடுவாக. நீங்க வலிக்கும்னு பாக்குறீக."

நான் அழுதேன். அவள் சொளகைத் தலையிலேயே வைத்துக்கொண்டு, கீழே விழாமல் திரும்பி, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். அதற்கடுத்த நாள் மத்தியானம் வகுப்பில் இருந்தபோது போன் வந்தது. "நின்னுட்டாடி" என்றார் என் கணவர்.

"ஓடுனாளா?"

"ஓட்டமெல்லாம் ஏழரைக்கு முன்னாலயே முடிச்சுட்டா. நின்னுட்டாடி! கட்டை வந்து தலையில நச்சுன்னு உக்காந்துச்சாம், அசையலையாம்." பெற்றவர்களை உள்ளே விடவில்லை. அவர் வெளியே கேட் பக்கத்தில் நின்றிருக்கிறார். "கேட்டுல வண்டிக்கு ஒரு கட்டையைத் தூக்கித் தூக்கி இறக்குறாக. ஒவ்வொரு தடவையும் நான்தான் குனிஞ்சுக்கிட்டே நின்னேன்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே போட்டு முடித்திருந்த கணக்கை அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

அவள் பயிற்சிக்குப் போன பிறகு வீட்டில் சொளகு பழையபடி அரிசிக்கு மட்டும் ஆயிற்று. அவளுடைய பாயை நான்தான் சுருட்டி வைத்தேன். அதைச் சுருட்டியது எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் லீவுக்கு வந்தபோது கறுத்திருந்தாள், இளைத்திருந்தாள், குரல் தடித்திருந்தது. ராணுவத்துக்காரர்களிடம் எங்கள் ஊர் கேட்கும் கேள்விகள் இரண்டே இரண்டுதான். எப்ப வந்த, எப்பப் போற. பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வருவதற்குள் எல்லோருக்கும் அவள் பதில் சொல்லி முடித்திருந்தாள். மறுநாள் நான் எழுந்து பார்த்தபோது அவள் பாய் சுருட்டி, சுவரோரம் செங்குத்தாக நின்றது. என் கணவர் வந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கிண்டல் பண்ண நல்ல இடம். ஆனால் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். பந்தலில் கொத்துகள் கறுத்துத் தொங்கின. வரப்பில் நான் வழக்கம்போல் கழுத்தை மடக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். எனக்குப் பின்னால் 'ணங்' என்று ஒரு சத்தம். பந்தல் முழுக்க அதிர்ந்து பழங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன.

திரும்பிப் பார்த்தேன். மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி பட்ட இடம் சிவந்திருந்தது. சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவாளே, அதே பந்தல்.

"என்னப்பா, பந்தலை எறக்கிட்டீகளா?" என்று கத்தினாள்.

தூணுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் எட்டிப் பார்த்தார். "பந்தல் அங்கனயேதான் இருக்கு ஆத்தா."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குனிய முயன்றாள். முடிந்தது, ஆனால் யோசித்துக் குனிந்தாள், விருந்துக்கு வந்தவர்கள் குனிவதைப் போல. நாங்கள்தான் நாள் முழுக்கச் சொளகை வைத்துக்கொண்டு இதைச் செய்தோம். இவ்வளவு நன்றாகச் செய்திருப்போம் என்று நினைக்கவில்லை.

"நீ குனியாத" என்றார் என் கணவர். முட்டுக் கொடுக்க வைத்திருந்த கவைக்கம்பு ஒன்றை எடுத்தார். தொய்ந்திருந்த கம்பியை அதைக் கொண்டு தூக்கிப் பிடித்துக்கொண்டு, "வா" என்றார். ஒரு தூண் கடந்தது. அடுத்த கம்பியைத் தூக்கினார். அவர் கழுத்தை மடக்கிக்கொண்டு முன்னால் போக, அவள் நிமிர்ந்து பின்னால் போனாள். கிணற்றடி வரைக்கும் அப்படியே போனார்கள். நான் சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் குனிந்துகொண்டே போனேன்.